மகன் பாதியில் மூடிவைத்த புத்தகம்

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி நூலகத்திலிருந்து ஊரி ஓர்லெவ் என்பவர் எழுதிய நாவலை ஆங்கிலத்தில் எடுத்துவந்தான். ஹிட்லர் காலத்தில் போலந்தில் அலெக்ஸ் என்ற யூதச் சிறுவன், அப்பா வரும்வரை ஓர் இடிந்த வீட்டில் தனியாக ஒளிந்திருப்பதுதான் கதை. சோறு தண்ணீர் மறந்து படித்தவன் பாதியில் மூடிவைத்துவிட்டான். இரண்டு வாரமாக விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. கட்டிலுக்கடியில் டார்ச் விளக்கும் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலங்களும் ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்தேன். யூதர்களை ஏன் கொன்றார்கள், நமக்கும் அப்படி நடக்குமா, அலெக்ஸ் ஒரு சிப்பாயைச் சுட்டது தப்பா என்று கேட்கிறான். பூஜையறையில் இருக்கும் ஸ்வஸ்திகாவைப் பார்த்தும் மிரளுகிறான். என் தம்பியோ, ‘யூதர்கள் பணத்தையெல்லாம் வளைத்துப் போட்டார்கள், அதனால்தான் ஹிட்லர் அப்படிச் செய்தார்’ என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், புத்தகத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, யூத இனப்படுகொலையைப் பற்றி ஒரு சிறுவனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு செய்திகளில் கண் நின்றது. ஒன்று, பையன் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டான். இரண்டு, அவனுடைய அப்பா மஸ்கட்டில் இருக்கிறார்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த நாவல் ‘பறவைத் தெருவில் தீவு’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்புடையது, 1981இல் எபிரேய மொழியில் வெளியானது. அதைப் படித்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: அதில் முகாம்களின் கொடூரம் ஏறக்குறைய எங்குமே நேராகக் காட்டப்படுவதில்லை. அம்மா ஏற்கெனவே காணாமற்போயிருக்கிறார். ஆட்களைத் திரட்டிக்கொண்டுபோகும் நாளன்று அலெக்ஸ் தப்பிக்கிறான். அப்பாவைப் பிடித்துச் செல்கிறார்கள். எத்தனை நாளானாலும் அந்த இடிந்த வீட்டில் காத்திரு, நான் வருவேன் என்பது அப்பாவின் சொல். அதன்பிறகு நாவலில் பெரும்பகுதி காத்திருப்புதான். கைவிடப்பட்ட வீடுகளில் உணவு தேடுவது, எட்ட முடியாத உயரத்தில் ஒரு மறைவிடம் அமைப்பது, கயிற்றேணி செய்வது, ‘பனி’ என்று பெயரிட்ட வெள்ளெலியோடு பேசுவது, காற்றுத் துளை வழியாக மதிலுக்கு அப்பால் நடமாடும் சாதாரண வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது என மாதங்கள் போகின்றன. பாதிப் புத்தகத்தில் நின்றுவிட்ட வாசகனுக்குத் தெரிந்திருப்பது இவ்வளவுதான்: அப்பா வருவதாகச் சொன்னார், வரவில்லை.

இனி உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு கடிதத்தை வைத்து நோயையோ காரணத்தையோ அறுதியிட்டுச் சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல. ஆனாலும், ஆண்டின் பெரும்பகுதி அப்பாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கும் பதினொரு வயதுப் பையன், தன் வயதே உடைய ஒருவன் அப்பாவுக்காகக் காத்திருக்கும் கதையில் அகப்பட்டுக்கொண்டு, அப்பா வருவதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டான் என்றால், அவனைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது நாஜிகளைவிட அந்தக் காத்திருப்பாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் அவன் யூதர்களைப் பற்றிக் கேட்கிறான். அப்பாவைப் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஆகவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். இப்போது கொடுத்தால் அலெக்ஸ் அந்த இடிபாட்டிலேயே, உங்கள் மகனின் மனத்தில், காத்துக்கொண்டே இருப்பான். முடிவை இன்றே சொல்லிவிடுங்கள்: அந்த அப்பா கடைசியில் வந்துவிடுகிறார். கதையின் சுவை கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம். அஞ்சியிருக்கும் குழந்தைக்கு முடிவு தெரிந்திருப்பது, இருட்டில் படியிறங்கும்போது கைப்பிடி இருப்பது போன்றது. பிறகு மீதிப் பக்கங்களை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்றாலும் கவலையில்லை. அவன் படித்துவிட்டு உங்களுக்குத் தமிழில் கதை சொல்லட்டும். சொல்லுகிறவன் கதைக்குச் சற்று வெளியே நின்றுதானே சொல்ல வேண்டியிருக்கிறது.

யூத இனப்படுகொலையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே, குழந்தையைப் பத்திரமாக உள்ளே அழைத்துச் சென்று பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும் என்றொரு நெறி உண்டு. வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் இப்பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்துதான் முறையாகக் கற்பிக்கலாம் என்கிறது. உங்கள் மகன் அந்த வாசலில்தான் நிற்கிறான். இளையவர்களுக்கு எண்ணிக்கையையும் படங்களையும் முன்வைக்காமல், பிழைத்த ஒருவரின் கதை வழியாகச் செல்லுமாறு இத்துறையில் உள்ளவர்கள் அறிவுறுத்துவார்கள். ஓர்லெவின் நாவல் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் உள்ளே போய்விட்டான். வெளியே வரும் வழி பிற்பாதியில் இருக்கிறது. (இணையத்தில் அவன் தனியாகப் படம் தேடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாவல் காட்டாத அத்தனையையும் தேடுபொறி ஒரே நொடியில் காட்டிவிடும். அப்படிப் பார்த்துவிட்ட குழந்தைகளைத்தான் நான் உண்மையில் கலங்கிய நிலையில் சந்தித்திருக்கிறேன்.)

கட்டிலடிச் சேமிப்பைப் பற்றி நீங்கள் மிகவும் பயந்திருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது. அதற்கு இந்த நாவலை எழுதியவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஓர்லெவ் 1931இல் வார்சாவில் பிறந்தவர். தந்தை மருத்துவர், போலந்துப் படையில் அதிகாரியாகப் போய்ச் சோவியத் படையிடம் பிடிபட்டுவிட்டார். தாயும் இரண்டு பையன்களும் வார்சா கெட்டோவில், அதாவது யூதர்களை மதில் எழுப்பி அடைத்துவைத்த நகரப் பகுதியில், அடைபட்டார்கள். தாய் கொல்லப்பட்டார். சித்தியின் அரவணைப்பில் இருந்த சகோதரர்கள் 1943இல் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945இல் உயிரோடு மீண்டார்கள். இத்தனைக்கும் நடுவே அந்தச் சிறுவன் விளையாடிக்கொண்டே இருந்தான். தம்பியிடம் அவன் ஒரு கதை சொல்வானாம்: நான் உண்மையில் சீனச் சக்கரவர்த்தியின் மகன்; போர் எவ்வளவு கொடியது என்று நான் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அப்பா என்னைத் தூங்கவைத்து இந்தக் கனவைக் காணச் செய்திருக்கிறார்; விழித்தால் எல்லாம் மறைந்துவிடும். தொலைவில் இருந்த தந்தையை அந்தப் பையன் தன் பயத்துக்குள் எப்படிக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறான் என்று பாருங்கள். (உண்மைத் தந்தையும் போரில் பிழைத்தார். ஆனால் மகன்கள் அவரை மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.) உங்கள் மகன் டார்ச்சையும் பிஸ்கட்டையும் ஒளித்துவைப்பது இதே வேலைதான். பயத்தைக் கையால் தொட்டு அடுக்கிவைக்கக்கூடிய பொருள்களாக அவன் மாற்றிக்கொண்டிருக்கிறான். அதைக் கண்டுபிடித்துக் கடிந்துகொண்டால், அவனிடமிருந்து பறிபோவது பிஸ்கட் மட்டுமாக இராது.

இனி அவனுடைய கேள்விகளுக்கு வருகிறேன். பொது விதி ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சிறிதாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வேண்டுமானால் அவனே அடுத்ததைக் கேட்பான்.

ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கு உங்கள் தம்பி சொன்ன பதில் தவறு மட்டுமன்று, அது நாஜிகளே சொன்ன பதில். இதை அவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் யூதர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் செல்வரும் இருந்தனர், தையற்காரரும் ஆசிரியரும் சில்லறை வியாபாரியும் இருந்தனர். போலந்திலோ சுமார் 33 லட்சம் பேர். அவர்களில் மிகப் பலர் அன்றாடங்காய்ச்சிகள். முதல் உலகப்போரில் தோற்று, பணவீக்கத்திலும் வேலையின்மையிலும் நொந்துபோயிருந்த ஒரு நாட்டிடம், உன் துன்பத்துக்கெல்லாம் இவர்களே காரணம் என்று ஒரு கட்சி திரும்பத் திரும்பச் சொன்னது. பலர் நம்பினார்கள், நம்பாத பலர் வாய் திறக்கவில்லை. பையனுக்கு இதையே சுருக்கி, ‘அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்ததாக ஒரு பொய் சொல்லப்பட்டது, அந்தப் பொய்யை நிறைய பேர் நம்பினார்கள்’ என்று சொன்னால் போதும். கொல்லப்பட்டவர்கள் மீது சிறிதளவாவது பழியிருக்கும் என்று குழந்தை நினைத்துவிட்டால், தானும் ஏதாவது தப்புச் செய்தால் தண்டனை வரும் என்ற பயமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். (நம்மூரில் கண்டிப்பான தலைமையாசிரியருக்கெல்லாம் ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம், அந்த மனிதரின் தன்வரலாறு நடைபாதைக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களோடு சேர்ந்து கிடக்கிறது. உங்கள் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.)

நமக்கும் நடக்குமா என்பதுதான் கடினமான கேள்வி. ‘சீச்சீ, அதெல்லாம் நடக்காது’ என்று அடைத்துவிடத் தோன்றும். ஆனால் அவன் படித்துக்கொண்டிருப்பதே, நடக்காது என்று நினைத்தவர்களுக்கு நடந்த கதை. ஆகவே அந்தப் பதிலை நம்பமாட்டான். அது ஒரே இரவில் இடி விழுவதுபோல் வரவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். 1933இல் கடைப் புறக்கணிப்பு, 1935இல் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள், 1938 நவம்பரில் வழிபாட்டுக்கூடங்களுக்குத் தீ, 1939 செப்டம்பரில் போலந்து மீது படையெடுப்பு என்று ஆண்டுக்கணக்கில், படிப்படியாக, மனிதர்கள் முடிவெடுத்துச் செய்தது. இருட்டில் திடீரென்று கதவைத் தட்டுவார்களோ என்று படுத்திருக்கும் பையனுக்கு, இன்றிரவு நம் தெருவில் அப்படி எதுவும் இல்லை, ‘நம் வீட்டில் பெரியவர்கள் நாங்கள் விழித்திருக்கிறோம்’ என்பதுதான் வேண்டிய செய்தி. ஆண்டு விவரங்கள் அவனுக்கல்ல, நீங்கள் தடுமாறாமல் பேசுவதற்காக.

அதே காரணத்துக்காகவே இன்னும் சிலவற்றையும் எழுதுகிறேன். இந்த எழுத்தாளர் அடைபட்டிருந்த வார்சா கெட்டோ 1940 நவம்பரில் மூடப்பட்டது. சுமார் 3.4 சதுர கிலோமீட்டருக்குள், மூன்று மீட்டர் உயர மதிலுக்குப் பின்னால், 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். 1941இல் அங்கிருந்த யூதர் ஒருவருக்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்ட உணவு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு; ஆகவே மதிலின் இடுக்குகள் வழியே நுழைந்துபோய் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடத்திவந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்களில் பலர் சிறு பிள்ளைகள். 1942 ஜூலை 22 தொடங்கி இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 2,65,000 பேர் ரயில்களில் ஏற்றப்பட்டு டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இனப்படுகொலையில் மாண்ட 60 லட்சம் யூதர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். எல்லா அப்பாக்களும் திரும்பி வந்தார்களா என்று உங்கள் மகன் என்றாவது கேட்பான். அன்று, ‘பெரும்பாலானவர்கள் வரவில்லை, இந்த அப்பா வந்தார்’ என்று சொல்லுங்கள். பொய் சொன்னால் நாளை வேறொரு புத்தகம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுட்டது தப்பா என்ற கேள்விக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரைக் காப்பாற்றுவதற்காக அலெக்ஸ் அதைச் செய்கிறான். நாவலாசிரியரும் அதைச் சாகசமாகக் கொண்டாடுவதில்லை. ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று திருப்பிக் கேட்டு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். இந்த வயதில் இக்கேள்வி எழுவதே அவன் புத்தகத்தை நன்றாகப் படிக்கிறான் என்பதற்குச் சான்று.

ஸ்வஸ்திகாவைப் பற்றி விளக்குவது எளிது. நம் வீடுகளில் கோலத்திலும் கணக்குப் புத்தகத்திலும் இடம்பெறுவது பன்னெடுங்காலத்து மங்கலக் குறி. பௌத்தரும் சமணரும்கூட அதைப் போற்றுகிறார்கள். நாஜிக் கட்சி 1920இல் அவ்வடிவத்தைத் தன் கொடிக்கு எடுத்துக்கொண்டு, சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாகச் சாய்த்துவைத்தது. ஜெர்மன் மொழியில் அதற்குக் கொக்கிச் சிலுவை என்றுதான் பெயர். ஒரே வடிவம், வேறு வேறு கைகள். ஆயினும் யூதக் குடும்பங்களுக்கு அதைக் கண்டால் இன்றும் நெஞ்சு பதறும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு அந்தப் பதற்றம் என்னவென்று இப்போது கொஞ்சம் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பிள்ளைகளிடம் போய்ச் சாவைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுக்கு மனம் ஒப்பாமல் இருக்கலாம். அதே வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் ஓர் அனாதை இல்லம் நடத்திவந்தார். குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதியவர். 1942 ஜூலை 18ஆம் நாள் தம் இல்லத்துப் பிள்ளைகளைக் கொண்டு அவர் ஒரு நாடகம் போட்டார். அது ரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. நோயுற்று வீட்டுக்குள்ளேயே கிடக்கும் அமல் என்ற சிறுவன், ஜன்னலோரம் அமர்ந்து, அரசரிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் தொடக்கத்தில், அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ 200 பேரும் டிரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். தப்பிக்கக் கிடைத்த வழிகளை மறுத்துவிட்டு, கோர்ச்சாக்கும் அவர்களோடு சென்றார். குழந்தைகளைத் தம் வாழ்நாள் முழுதும் கூர்ந்து கவனித்த ஒருவர், எல்லாம் முடியப்போகும் நேரத்தில், அவர்களிடமிருந்து காத்திருப்பையும் சாவையும் மறைக்கும் கதையைத் தேடவில்லை. அவற்றைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவனின் கதையைத்தான் எடுத்தார். எனக்கு இத்தொழிலில் தயக்கம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கணவருக்கு இக்கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது பாசத்தினால்தான் என்பது புரிகிறது. தொலைவில் இருப்பவருக்குச் சிக்கலை அகற்றுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. அவரால் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. அந்த நாவலை அவரும் வாங்கிப் படிக்கட்டும்; பெரிய புத்தகமன்று, இரண்டு மூன்று இரவுகளில் முடித்துவிடலாம். படித்துவிட்டு, மார்க் என்ன, சாப்பிட்டாயா என்று கேட்கும் வழக்கமான அழைப்பில், அலெக்ஸின் கயிற்றேணியைப் பற்றி மகனிடம் பேசட்டும். கடைசி அத்தியாயத்தை இருவரும் திரையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்து சேர்ந்து படிக்க முடிந்தால் மிக நன்று. தாம் வேலைக்காகப் போயிருப்பதையும், யாரும் தம்மைப் பிடித்துவைக்கவில்லை என்பதையும், பெரியவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், அவர் தம் வாயால் சொல்ல வேண்டும். விடுப்பு உறுதியாகியிருந்தால் நாளைச் சொல்லி, நாட்காட்டியில் மகனையே குறிக்கச் சொல்லலாம். உறுதியாகாத தேதியை மட்டும் சொல்லவே வேண்டாம்.

தூக்கம் இன்னும் மூன்று, நான்கு வாரங்களில் சீராகிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை சிறிய இரவு விளக்கு எரியட்டும். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் இந்தப் புத்தகம் வேண்டாம், மாலையில் படியுங்கள். பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ, உங்களை விட்டு ஓர் அறை தள்ளிக்கூட இருக்க முடியாமற்போனாலோ, காத்திருக்காமல் அருகிலுள்ள குழந்தை மனநல மருத்துவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தால் ஆவது அவ்வளவுதான்.

கட்டிலடியில் இருக்கும் டார்ச்சை எடுத்துவிடாதீர்கள். பிஸ்கட்டுக்கு எறும்பு வரும். மூடி இறுகப் பொருந்தும் டப்பா ஒன்றை, எதற்கென்று கேட்காமல், அவன் மேசைமேல் வைத்துவிடுங்கள்.